ஒரு நாள் முழுக்க பிபிசி: 1950களின் தொடக்கத்தில் காலை முதல் நள்ளிரவு வரை என்ன ஒலித்தது?

வால்வுசெட் எழுதியது:

போன மாதம் ஒரு பழைய பிரிட்டிஷ் வால்வு ரேடியோ கைக்கு வந்தது. பேக்லைட் பெட்டி, ஐந்து வால்வு, எலி கடித்த ஒயர். இன்னும் வாய் திறக்கவில்லை. டயல் கண்ணாடியை மட்டும் கழற்றி, எழுத்து உரிந்துவிடாமல் உலர்ந்த பஞ்சால் துடைத்தேன். லாங் வேவில் 1500 மீட்டருக்கு நேரே ‘லைட்’. மீடியம் வேவில் ‘தேர்ட்’, ‘லண்டன்’, ‘நார்த்’, ‘வெல்ஷ்’, ‘ஸ்காட்டிஷ்’. இடையிடையே ஹில்வெர்சம், ஆத்லோன், லக்சம்பர்க் என்று வெளிநாட்டு நிலையங்கள்.

இந்த டயல் புதிதாக இருந்த நாளில், யாரோ ஒருவர் காலையில் குமிழைத் திருகிவிட்டு நள்ளிரவு வரை அணைக்காமல் விட்டிருந்தால் என்னென்ன கேட்டிருக்கும்? ரேடியோ டைம்ஸ் பத்திரிகையில் வந்த பழைய நிகழ்ச்சி நிரல்களை 1923 முதல் பிபிசி இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. புரட்ட உட்கார்ந்தவன் மூன்று ராத்திரி எழுந்திருக்கவில்லை. கீழே இருப்பது ஒரே தேதி அல்ல, 1951 முதல் 1954 வரை பல வேலைநாட்களைக் கலந்தது. நேரம் வருஷத்துக்கு வருஷம் ஐந்து பத்து நிமிஷம் நகரும்.

பிபிசிக்கு அப்போது மூன்று சேவை: ஹோம் (டயலில் லண்டன், நார்த் என்று பிராந்தியப் பெயரில் இருப்பது), லைட், தேர்ட். காலை ஆறரை வாக்கில் ஹோம் சர்வீஸ் தொடங்குகிறது. ஏழுக்கும் எட்டுக்கும் செய்தி. நடுவே 7.50க்கு ஐந்து நிமிஷம் ‘லிஃப்ட் அப் யுவர் ஹார்ட்ஸ்’, கிறிஸ்தவ நற்சிந்தனை. வேலைக்குப் போகிறவர் ஷூ கயிறு கட்டுகிற நேரம். லைட் புரோகிராம் ஒன்பது மணிக்குத்தான் கண் விழிக்கும். செய்தி முடிந்து 9.10க்கு ‘ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்’. நம்ம நேயர் விருப்பம்தான், வீட்டுப் பெண்கள் அஞ்சலட்டையில் கேட்ட பாட்டு. அதே நேரத்தில் ஹோம் பக்கம் பள்ளிகளுக்கான ஒலிபரப்பு, நடுவில் 10.15க்குத் தினசரி வழிபாடு.

10.30க்கு லைட்டில் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ‘மியூசிக் வைல் யூ வொர்க்’. 1940 ஜூனில், போர்த் தளவாடத் தொழிற்சாலைகளை மனதில் வைத்துத் தொடங்கியது. அரை மணி நேரம் ஒரு பேண்ட் இடைவெளி விடாமல் வாசிக்கும். இசைக்கு நிபந்தனைகள் உண்டு. மெல்லிய இடம் வந்து இயந்திரச் சத்தத்தில் அமுங்கிப்போகக் கூடாது. ஆளை மயக்கித் தூங்கவைக்கக் கூடாது. ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ என்ற பாட்டுக்குத் தடையே போட்டார்கள். அதில் நான்கு முறை கைதட்டும் இடம் வரும். தொழிலாளிகள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுவார்கள், அல்லது ஸ்பானராலேயே தட்டுவார்கள்! போர் முடிந்தும் நிகழ்ச்சி நிற்கவில்லை, 1967 வரை ஓடியது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ‘வொர்க்கர்ஸ் பிளேடைம்’, ஏதாவது ஒரு தொழிற்சாலை கேண்டீனிலிருந்து பாட்டும் நகைச்சுவையும். ஒரு மணிக்குச் செய்தி. 1.45க்கு லைட்டில் ‘லிஸன் வித் மதர்’, பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்குக் கால் மணி நேரக் கதை. இரண்டு மணிக்கு ‘உமன்ஸ் அவர்’. நாலு மணி வாக்கில் ‘மிஸஸ் டேல்ஸ் டைரி’ தொடர். ஐந்துக்கு ஹோமில் ‘சில்ட்ரன்ஸ் அவர்’. ஆறுக்குச் செய்தி. 6.45க்கு லைட்டில் ‘தி ஆர்ச்சர்ஸ்’, ஒரு விவசாயக் குடும்பத்தின் தொடர். பிறகு இரவு முழுக்க விரிந்த கடை: ஒரு பக்கம் நகைச்சுவை, ஒரு பக்கம் நாடகம் அல்லது சிம்பொனி, ஒரு பக்கம் இடைக்கால இத்தாலியக் கவிதை பற்றி ஒரு மணி நேரப் பேச்சு. ஒன்பதுக்கு பிக் பென் மணி அடித்து ஹோமில் முக்கியச் செய்தி. பதினொன்றுக்கு லைட்டில் ‘எ புக் அட் பெட்டைம்’, படுக்கையில் கேட்க நாவல் வாசிப்பு. நள்ளிரவில் கடை மூடல்.

வீட்டில் யார் எப்போது எழுவார், எந்த நேரத்தில் கை ஓயும், குழந்தை எப்போது கண் அயரும் என்று கூடத்தில் உட்கார்ந்து பார்த்து அடுக்கினது போல இருக்கிறது இந்த நிரல். இப்படி ஒரு கலவை இன்று எங்கேயும் இல்லை. ஏன் என்று பேசலாமா?

புதுமுகம்22 எழுதியது:

அண்ணா, லைட், ஹோம், தேர்ட் என்று மூன்று ஏன்? ஒரே அலைவரிசையில் எல்லாம் வந்திருக்கக் கூடாதா?

வால்வுசெட் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. போர் தொடங்கியதும், 1939 செப்டம்பர் 1ஆம் தேதி, இருந்த எல்லாவற்றையும் சுருக்கி ஒரே ஹோம் சர்வீஸ் ஆக்கினார்கள். அப்புறம் படையினருக்கென்று தனியாக ஒன்று வந்தது. முகாமில் கூட்டமாக உட்கார்ந்து கேட்பவர்களுக்கு லேசான சரக்கு வேண்டும் அல்லவா. போர் முடிந்ததும் அதன் வாரிசாக 1945 ஜூலை 29இல் லைட் புரோகிராம். 1946 செப்டம்பர் 29இல் தேர்ட் புரோகிராம்.

தலைமை இயக்குநர் வில்லியம் ஹேலி இதை ஒரு பிரமிடாகப் பார்த்தார். அடித்தளம் லைட், நடுவில் ஹோம், உச்சியில் தேர்ட். லைட்டில் ஒரு மெட்டைக் கேட்டு மயங்கியவர் நாளைக்கு ஹோமில் முழு கச்சேரிக்கு ஏறுவார், மறுவருஷம் தேர்டுக்கு ஏறுவார் என்பது அவர் நம்பிக்கை. பிபிசியை உருவாக்கிய ஜான் ரீத்துக்கு இந்தப் பிரிப்பே பிடிக்கவில்லை. எல்லாம் கலந்து ஒரே இலையில் பரிமாற வேண்டும், பாயசத்துக்கு வந்தவன் பாகற்காயையும் ருசி பார்க்க வேண்டும் என்ற கட்சி அவர்.

குரோய்டன்_கரையான் எழுதியது:

எங்கட பக்கத்து வீட்டு அம்மா பர்மிங்காமில் பிறந்து வளர்ந்தவ. 84 வயது. உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு நேற்று அவவோடு கொஞ்சம் கதைத்தேன். “மிஸஸ் டேல்” என்றதும் சிரித்துவிட்டா. டாக்டர் மனைவி தன் நாட்குறிப்பை வாசிப்பதுபோலத் தொடங்கும் தொடராம். கணவன் ஜிம்மை நினைத்து எந்நேரமும் கவலைப்படுவாவாம். “ஜிம்மை நினைச்சா எனக்குக் கொஞ்சம் கவலையா இருக்கு” என்பது நாடே சொல்லிச் சிரித்த வசனம். தன் தாயார் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே கேட்பாவாம், சில நேரம் சீவ மறந்து போவாவாம்.

ஆனால் அவவுக்கு ஆர்ச்சர்ஸ் மேல் இன்றும் ஒரு கோபம் இருக்கு. மாலை 6.45 என்றால் முதலில் ‘டிக் பார்ட்டன்’. துப்பறியும் வீரன், ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம், முடியும்போது ஆபத்தில் தொங்கவிட்டுப் போவார்கள். அந்த நேரம் தெருவில் ஒரு பொடியனும் இருக்க மாட்டானாம். 1951 வசந்தத்தில் அதை நிறுத்திப்போட்டு அதே நேரத்தில் மாடு, பன்றி, உரம் என்று ஒரு கமக்காரக் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவவின் தமையன் ஒரு கிழமை ரேடியோப் பக்கமே போகவில்லையாம்.

இன்னுமொன்று. “கலவை, வகைவகையான நிகழ்ச்சி” என்று நீங்கள் எழுதியதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். “எங்களுக்கு அது ஒன்றும் தெரியாது, பெட்டி சமையலறையில் இருந்தது, குமிழ் அம்மாவின் கையில் இருந்தது” என்றா.

எதிர்க்காற்று எழுதியது:

> இப்படி ஒரு கலவை இன்று எங்கேயும் இல்லை.

வால்வுசெட் சார், மன்னிக்கணும், கொஞ்சம் எதிர்ப்பாட்டுப் பாடுகிறேன். அந்த அம்மா சொன்னதுதான் விஷயம். கலவையை ரசித்தார்களா, வேறு வழி இல்லாமல் கேட்டார்களா? பிரிட்டன் மண்ணில் வானொலி நடத்த பிபிசிக்கு மட்டும்தான் உரிமை. வருஷத்துக்கு ஒரு பவுண்டு லைசென்ஸ் கட்டாமல் பெட்டியை வைத்துக்கொள்ளக் கூட முடியாது. 1946 வரை பத்து ஷில்லிங்காக இருந்ததை இரட்டிப்பாக்கியது.

உள்ளே என்ன பேசலாம் என்பதற்கும் வேலி. நகைச்சுவைப் பிரிவுக்கு 1940களின் கடைசியில் ‘பச்சைப் புத்தகம்’ என்று ஒரு கையேடு எழுதினார்கள். கழிப்பறை நகைச்சுவை கூடாது, தேனிலவுத் தம்பதி கூடாது, ஹோட்டல் பணிப்பெண் கூடாது, பெண்கள் உள்ளாடை கூடாது, முயல் கூடாது. ஆம், முயல். அது எதற்குப் பேர்போனது என்று உங்களுக்கே தெரியும். அரசியலுக்கு ‘பதினாலு நாள் விதி’: பாராளுமன்றத்தில் இரண்டு வாரத்துக்குள் விவாதத்துக்கு வரப்போகும் விஷயத்தை வானொலியில் பேசக்கூடாது. நாடு எதைப் பற்றி அடித்துக்கொள்கிறதோ அதை மட்டும் தவிர்த்துவிட்டு மீதி எல்லாம் பேசலாம்! 1956 சூயஸ் நெருக்கடி வரை இது கிடந்தது.

குரலைப் பாருங்கள். போர் நடுவில் வில்ஃப்ரட் பிக்கிள்ஸ் என்ற யார்க்‌ஷயர்க்காரரைச் செய்தி வாசிக்க வைத்தார்கள். ‘குட் நைட்’ என்பதை அவர் ஊர் வழக்கில் ‘குட் நீட்’ என்று முடித்ததற்கு ஒரே களேபரம், புகார்க் கடிதங்கள். வடக்கத்தி வாயில் வந்தால் செய்தியையே நம்ப முடியவில்லை என்று.

உங்கள் டயலிலேயே பதில் இருக்கிறது. லக்சம்பர்க் என்று எதற்கு அச்சடித்தார்கள்? ராத்திரியானால் ஜனம் 208 மீட்டருக்குத் தப்பி ஓடியது. விளம்பரம் போட்டுப் பாட்டுப் போட்டார்கள், மக்கள் கேட்டார்கள். பிரமிடாவது ஒன்றாவது.

சிக்னேச்சர்டியூன் எழுதியது:

முப்பத்தோரு வருஷம் வானொலி நிலையத்தில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் நுழைகிறேன். நிரலைக் கேட்பவர் பக்கமிருந்து பார்க்கிறீர்கள். உள்ளே இருந்தவர்கள் பக்கமும் கொஞ்சம் வாருங்கள்.

அந்த நாளில் போனதெல்லாம் பெரும்பாலும் நேரடி. டேப் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தது. நாடகம் என்றால் நடிகர்கள் மைக்கைச் சுற்றி நிற்க, பக்கத்தில் ஒருவர் சரளைக் கல் தட்டில் நடந்துகொண்டிருப்பார். தினம் போன தொடர்களில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது, கையெழுத்துப் பிரதிதான் மிஞ்சியது. நகைச்சுவையில் பல தப்பியதற்குக் காரணம் பிபிசியின் டிரான்ஸ்கிரிப்ஷன் பிரிவு வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்கத் தட்டில் வெட்டி வைத்தது. ‘கூன் ஷோ’ இன்று கேட்கக் கிடைப்பதில் அந்தத் தட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

‘ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்’ மாதிரி இசைத்தட்டு நிகழ்ச்சி அரிதாக இருந்ததற்கும் காரணம் உண்டு. ‘நீடில் டைம்’ என்பார்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஊசியைத் தட்டில் வைக்கக்கூடாது என்று இசைத்தட்டுக் கம்பெனிகளோடு ஒப்பந்தம். இசைக்கலைஞர் சங்கமும் அதில் கறாராக இருந்தது, தட்டு சுழன்றால் வாசிப்பவனுக்கு வேலை போகும் அல்லவா. அதனால் மீதி நேரத்தை ஆட்களை வைத்தே நிரப்ப வேண்டும். தியேட்டர் ஆர்கன், பித்தளை பேண்ட், நடன இசைக்குழு, பிராந்திய ஆர்கெஸ்ட்ரா... நீங்கள் வியக்கிற அந்தக் கலவையில் பாதி இந்த ஒப்பந்தம் போட்ட பிச்சை. நம்ம ஊர் நிலையங்களில் நிலைய வித்வான்கள் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘நம்ம ஊர்’ என்று சும்மா இழுக்கவில்லை. 1935இல் இந்திய வானொலியைக் கட்ட வந்த லயனல் ஃபீல்டன் பிபிசியிலிருந்து வந்தவர்தான். காலை நற்சிந்தனை, பள்ளி ஒலிபரப்பு, மகளிர் நிகழ்ச்சி, பண்ணைச் செய்தி என்ற நம் அடுக்கைப் பார்த்தால் ஜாடை தெரியும்.

எதிர்க்காற்று தம்பிக்கு ஒன்று. நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை பாட்டுத் தட்டு மாறிப்போய், நாற்பது நொடி காற்றில் ஒன்றுமே போகவில்லை. விளக்கக் கடிதம் எழுதியே கை ஒடிந்தது. தேர்ட் புரோகிராமில் இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே வேண்டுமென்றே மௌனம் விடுவார்கள் என்று பிறகு படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது!

மல்லிகா_தி எழுதியது:

பேக்லைட், நீடில், ஒப்பந்தம் எல்லாம் சரி. பகல் முழுக்க அந்தப் பெட்டி யாரைப் பார்த்துப் பேசியது என்பதை எல்லோரும் தாண்டிப் போகிறீர்களே. ஒன்பது மணியிலிருந்து நாலரை வரை கேட்டவள் வீட்டில் தனியாக இருந்த பெண்.

‘உமன்ஸ் அவர்’ 1946 அக்டோபர் 7இல் தொடங்கியபோது தொகுத்து வழங்கியவர் ஒரு ஆண், ஆலன் ஐவிமி. பெண்களுக்கு மதியச் சமையல் பற்றி ஆண் வகுப்பு எடுக்கிறார். கேட்டவர்கள் எரிச்சல்பட்டுக் கடிதம் எழுத, சீக்கிரமே அந்த இடம் பெண்களுக்குப் போனது. ஆனால் அதே நிகழ்ச்சி 1940கள் முடிவதற்குள் மாதவிடாய் நிற்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது. மேலதிகாரிகளில் சிலர் முகம் சுளித்தார்கள், மதியம் இரண்டு மணிக்கு இதெல்லாமா என்று. எதிர்க்காற்று, உங்கள் பச்சைப் புத்தகத்தில் முயலுக்குத் தடை, இங்கே இது போயிருக்கிறது. நகைச்சுவைக்காரர்களுக்குப் போட்ட வேலி பெண்கள் பேச்சுக்குப் போடப்படவில்லை. யாரும் கவனிக்கவில்லையோ என்னவோ.

1.45 நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் மரியாதை கொடுங்கள் வால்வுசெட். இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். “வசதியா உட்கார்ந்தாச்சா? அப்ப ஆரம்பிக்கிறேன்” என்று ஜூலியா லாங் 1950 ஜனவரியில் சொன்னது எழுதி வைத்த வசனம் இல்லை, அந்த நேரத்தில் வாயில் வந்தது. பிறகு அது இல்லாமல் நிகழ்ச்சியே இல்லை என்றாகிவிட்டது. முடிந்ததும் ஃபோரேயின் ‘டாலி’ பியானோ இசை. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவரின் மெட்டு, மேதாவித்தனமான அறிமுகம் எதுவும் இல்லாமல், ஒரு நாட்டின் நாலு வயசுக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். ஹேலியின் பிரமிடு வேலை செய்த ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

வால்வுசெட் எழுதியது:

மல்லிகா அக்கா, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வரி போதாதுதான்.

எதிர்க்காற்று சொன்ன லக்சம்பர்க் வாதத்துக்கு: அது இரவில்தான் ஒழுங்காக எட்டும், அதுவும் ஏறி இறங்கி, நல்ல பாட்டு நடுவே மங்கிப்போகும். பகல் முழுக்கக் கேட்டது பிபிசிதான். லைட்டை மக்கள் விரும்பிக் கேட்டார்கள். ‘எஜுகேட்டிங் ஆர்ச்சி’யை எடுத்துக்கொள்ளுங்கள். வானொலியில் பொம்மலாட்டக் குரல் வித்தை! பீட்டர் பிரஃப் வாயசைக்கிறாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் கோடிக்கும் மேல் கேட்டார்கள். மரப்பொம்மைக்கு வாத்தியாராக வந்தவர்களில் டோனி ஹான்காக் ஒருவர், கூடப் பாடிய சிறுமி ஜூலி ஆண்ட்ரூஸ்.

புதுமுகம்22 எழுதியது:

காதால் கேட்கும் பொம்மலாட்டமா 😄 ஆர்ச்சர்ஸ் 1950இலேயே வந்ததாக வேறு எங்கோ படித்தேனே?

குரோய்டன்_கரையான் எழுதியது:

இரண்டும் சரி தம்பி. 1950 மே மாதம் மிட்லண்ட்ஸ் பகுதியில் மட்டும் ஒரு கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். நாடு முழுக்கப் போனது 1951 ஜனவரி 1. அதுக்கும் முன்னால் ஒரு கதை இருக்கு. 1948இல் பர்மிங்காமில் விவசாய நிகழ்ச்சியை எப்படி நடத்தலாம் என்று கமக்காரர்களைக் கூட்டிக் கேட்டபோது, ஒருவர் எழும்பி எங்களுக்கு வேண்டியது கமத்துக்கு ஒரு டிக் பார்ட்டன் என்றாராம். சபை சிரித்தது. தயாரிப்பாளர் காட்ஃப்ரி பேஸ்லி மட்டும் அதை விடவில்லை. பங்கீட்டு அட்டை இருந்த காலம். உணவு உற்பத்தியைக் கூட்ட வேண்டும், புது முறைகளைச் சொல்ல வேண்டும், ஆனால் பிரசங்கம் செய்தால் ஒருவரும் கேட்க மாட்டினம். டிக் பார்ட்டன் எழுதிய அதே இரண்டு பேரைப் பிடித்துத்தான் இதையும் எழுதுவித்தார். பக்கத்து வீட்டு அம்மாவின் தமையனுக்கு இது தெரிந்திருந்தால் இன்னும் கொதித்திருப்பார்.

1955 செப்டம்பர் 22 இரவு, விளம்பரத் தொலைக்காட்சி பிரிட்டனில் முதன்முதலாகத் தொடங்கும் அதே இரவு, கிரேஸ் ஆர்ச்சரைக் குதிரை லாயத் தீயில் சாகடித்தார்கள். குதிரையைக் காப்பாற்ற உள்ளே போனவ. அடுத்த நாள் பேப்பரில் எந்தச் செய்தி மேலே வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்த அம்மா இப்பவும் ‘பாவம் கிரேஸ்’ என்றுதான் சொல்லுவா.

கப்பல்காரன் எழுதியது:

எல்லாரும் பாட்டும் கதையும் பேசுகிறீர்கள். எங்களுக்கு லைட் புரோகிராம் என்றால் ஒரே ஒரு காரணம்தான்: ஷிப்பிங் ஃபோர்காஸ்ட். நான் கடலுக்குப் போனது பிற்காலத்தில், ஆனால் கூட வேலை செய்த மூத்த ஆட்கள் அந்தக் காலத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கப்பல்களுக்கு வானிலை எதற்கு டான்ஸ் மியூசிக் நிலையத்தில் வந்தது? 1500 மீட்டர் லாங் வேவ் அவர்களிடம்தான் இருந்தது. ட்ராய்ட்விச் டிரான்ஸ்மிட்டரிலிருந்து கிளம்பினால் கடல்மேல் நெடுந்தூரம் தவழ்ந்து வரும். மீடியம் வேவில் ஹோம் சர்வீஸ் அவ்வளவு தூரம் வராது. 1978இல் அந்த அலைவரிசை ஹோம் சர்வீஸின் வாரிசான ரேடியோ 4க்குப் போனபோது கடல் வானிலையும் கூடவே போனதற்கு இதுதான் காரணம்.

அதனால் ஒரு வேடிக்கை. பேண்ட் வாசித்து முடிக்கும், சிரிப்பு ஓயும், உடனே ஒரு அமைதியான குரல் “ஃபோர்ட்டீஸ், டாக்கர், ஹம்பர், தேம்ஸ், டோவர், வைட்” என்று கடல் பகுதிகளை வரிசையாகச் சொல்லும். காற்று எந்தத் திசை, எத்தனை விசை, பார்வை எவ்வளவு தூரம். இங்கிலாந்தின் நடுவில் கடலே பார்க்காத ஆள் கூட அதைக் கேட்டுத்தான் தீர வேண்டும். சரக்கு மீன்படகுக்கு, காது எல்லோருக்கும். இப்போது ஜெர்மன் பைட் என்று சொல்லும் இடத்தை 1956 வரை ஹெலிகோலாண்ட் என்றே வாசித்தார்கள்.

சிக்னேச்சர்டியூன் எழுதியது:

அருமை, கப்பல்காரரே. அதோடு பலர் சேர்த்து நினைக்கும் அந்த மெல்லிய ‘செய்லிங் பை’ இசை 1950களில் கிடையாது, அது பிற்காலச் சேர்க்கை. நேரத்துக்கு அடிக்கும் ஆறு ‘பிப்’பும் அப்படித்தான். 1924 பிப்ரவரியிலிருந்து உண்டு, ஆனால் அந்த நாளில் ஆறும் ஒரே நீளம். கடைசி பிப் நீண்டது 1970களின் தொடக்கத்தில்தான். பழைய காலப் படங்களில் நீண்ட ஆறாவது பிப் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

இரவுவாசகர் எழுதியது:

தேர்ட் பற்றி யாரும் வாய் திறக்காததால் நான். மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை. மணிக்கு ஒருமுறை செய்தி என்ற கட்டுப்பாடு இல்லை, நாடகம் மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம். கேட்டவர்கள் மிகச் சிறிய கூட்டம். சிக்னேச்சர் ஐயா சொன்ன மௌனம் உண்மைதான், ஒன்றைக் கேட்ட காது அடங்க நேரம் கொடுத்தார்கள்.

1954 ஜனவரி 25, திங்கட்கிழமை இரவு. கவிஞர் டிலன் தாமஸ் இறந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருக்கிறது. அவருடைய ‘அண்டர் மில்க் வுட்’ தேர்டில் முதல்முறையாக ஒலிக்கிறது. தயாரிப்பு டக்ளஸ் கிளெவர்டன், கதைசொல்லும் குரல் ரிச்சர்ட் பர்ட்டன். ஒரு சின்ன வேல்ஸ் கடலோர ஊரின் இரவிலிருந்து மறு இரவு வரை, ஊர்க்காரர்களின் கனவும் வம்பும். வால்வுசெட் கேட்ட ‘ஒரு நாள் முழுக்க’ என்பதை எழுத்தாக்கினால் இப்படித்தான் இருக்கும். எழுதச் சொல்லிப் பல வருஷம் கிளெவர்டன் அவரைத் துரத்தினார். கையெழுத்துப் பிரதியைக் கவிஞர் லண்டனில் ஏதோ ஒரு பப்பில் விட்டுவிட்டு அமெரிக்கா போக, கிளெவர்டன் பப் பப்பாகத் தேடிக் கண்டுபிடித்தார்.

1957 ஜனவரியில் சாமுவேல் பெக்கெட்டின் வானொலி நாடகம் ‘ஆல் தட் ஃபால்’. கிராமத்து ஆடு மாடு கோழிச் சத்தத்தை நிஜ விலங்குகளிடமிருந்து எடுக்காமல் மனிதர்களையே கத்தவிட்டார்கள். புது வகைச் சத்தங்களுக்கான இந்தத் தேடல்தான் மறுவருஷம் பிபிசியின் மின்னணு ஒலிக்கூடமான ரேடியோஃபோனிக் பட்டறையாக முளைத்தது.

அதே 1957இல் தேர்டின் நேரத்தைப் பெருமளவு வெட்டினார்கள். கவிஞர் டி. எஸ். எலியட், இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் எல்லாரும் எதிர்த்தும் பலனில்லை. வெட்டிய நேரத்தில் மீன்பிடிப்பு, மொழிப்பாடம், பொழுதுபோக்குக் கைவேலை என்று ‘நெட்வொர்க் த்ரீ’. ஜனம் வைத்த பட்டப்பெயர் ‘இழைப்புளி நிலையம்’ என்கிற மாதிரி, மரவேலையைக் கிண்டல் செய்து.

எதிர்க்காற்று எழுதியது:

இரவுவாசகர் எனக்கே சாட்சி சொல்கிறார். உச்சிக்கு யாரும் ஏறவில்லை, அதனால் உச்சியை இடித்தார்கள். மேலே கவிதை, கீழே பொம்மலாட்டம், நடுவில் படிக்கட்டு கிடையாது. மூன்று தனித்தனி அறை, மூன்று தனித்தனி வர்க்கம்.

மல்லிகா_தி எழுதியது:

அறைக்குச் சுவர் அவ்வளவு கெட்டி இல்லை தம்பி. கூன் ஷோவில் மூன்று குரல் அடித்த கூத்து ஹோம் சர்வீஸில்தான் வந்தது, செய்தியும் வழிபாடும் வந்த அதே இடத்தில். அதை எழுதிய ஸ்பைக் மில்லிகன் நம்ம அகமத்நகரில் பிறந்தவர் என்பது தனி. பெக்கெட்டைத் தேடி வராதவள் கூடக் குழந்தையைத் தூங்கவைத்த கையோடு ரெண்டு மணிக்கு ஏதோ ஒரு நாவலின் ஒரு அத்தியாயம் கேட்டிருப்பாள். உமன்ஸ் அவர் கடைசியில் தொடர் வாசிப்பு உண்டு. அது படிக்கட்டு இல்லையா?

எதிர்க்காற்று எழுதியது:

ஒரு படி என்று வைத்துக்கொள்ளலாம் அக்கா. அரைப் படி.

புதுமுகம்22 எழுதியது:

இதே லைசென்ஸ் பணத்தில்தானே நம்ம தமிழோசையும் ஓடியது?

குரோய்டன்_கரையான் எழுதியது:

அந்தக் காலத்தில் இல்லை. வெளிநாட்டுச் சேவைகளுக்கு அப்போது வெளியுறவு அலுவலகம் ஊடாக அரசு மானியம். தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3இல் தொடங்கியது. ‘தமிழோசை’ என்ற பெயரை வைத்தவர் பிறகு லண்டன் வந்த எங்கட சோ. சிவபாதசுந்தரம். லண்டனிலிருந்து சிற்றலையில் போன அதை, அதே நகரத்தில் லைட் கேட்டுக்கொண்டிருந்த சனம் கேட்டிருக்காது. இந்த டயலில் அதுக்கு இடமும் இல்லை, லாங், மீடியம் இரண்டும்தானே.

கப்பல்காரன் எழுதியது:

வால்வுசெட் அண்ணாச்சி, ஒரு சந்தேகம். பெட்டி உங்கள் கைக்கு வந்தபோது முள் எந்த நிலையத்தில் நின்றது? கடைசியாக என்ன கேட்டார்கள் என்று தெரிந்துவிடுமே.

வால்வுசெட் எழுதியது:

யாராவது கேட்பீர்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். 208. லக்சம்பர்க்.

எதிர்க்காற்று எழுதியது:

😂😂😂

வால்வுசெட் எழுதியது:

சிரிக்காதீர்கள். டயல் கயிறு அறுந்திருந்தது. 208 இருப்பது ஸ்கேலின் கோடியில், பெட்டியைச் சாய்த்தால் முள் தானாகவே அங்கே போய் ஒதுங்கும். நிலையம் பிடிக்கும் கண்டென்சர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறேன்.